பொங்கலுக்கு மெஸ் லீவு!

திண்டுக்கல்லில் பஸ் ஏறி பழனி ரோட்டில் போனால் ரெட்டியார்சத்திரம் வரும். இன்னும் கொஞ்சம் போனால் ஒட்டன்சத்திரம். ஒரே ரோட்டில் இரண்டு சத்திரங்கள். பழனிக்கு நடந்து போகிற முகம் தெரியாத மனுஷனுக்குப் படுக்க இடமும் ஒருவேளை சோறும் கொடுக்கிற வழக்கம், ஊர்ப் பெயராகவே நின்றுவிட்டது.

அந்த ரோட்டில் இன்று சத்திரத்தைவிட அதிகம் கண்ணில் படுவது ஃப்ளெக்ஸ் போர்டுகள். காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, கட்சிப் பிரமுகர் பிறந்தநாள். நடுவில், ‘வெளிநாட்டில் படிக்க வாருங்கள்’. இந்த நாலாவது ரகத்தை உற்றுப் பாருங்கள். எந்த கன்சல்டன்சி வைத்தாலும் படம் ஒன்றுதான். தரையெல்லாம் பனி, பின்னால் விளக்கு ஜொலிக்கிற கிறிஸ்துமஸ் மரம், முன்னால் சிவப்புக் குல்லா போட்ட நாலு பிள்ளைகள். நாலும் சிரிக்கும். அதில் ஒன்று கட்டாயம் நம்ம ஊர் நிறத்தில் இருக்கும்.

அந்தப் படத்தை நம்பிப் போன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமம். அப்பா விவசாயி, என் பழைய நண்பர். பொண்ணு இன்ஜினீயரிங். 2024 அக்டோபரில் எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடண்டாக ஆறு மாதம் ஜெர்மனிக்குப் போனாள். ‘எக்ஸ்சேஞ்ச்தானே, ஃபீஸ் இல்லை’ என்று காலேஜில் சொன்னார்கள். ஃபீஸ் இல்லைதான். ஆனால், ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர் கையில் மாதத்துக்கு 992 யூரோ இருப்பதை அப்போது காட்டவேண்டியிருந்தது. அதை அங்கே ஒரு அக்கவுண்டில் போட்டுப் பூட்டிவிட்டால், மாதாமாதம் அவிழ்த்துக் கொடுப்பார்கள். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. நம்ம கணக்கில் ஐந்து லட்சத்துக்கும் மேல். நண்பர் வீட்டு நகை பேங்குக்குப் போனது இப்படித்தான்.

டிசம்பரில் அவள் அனுப்பிய கிறிஸ்துமஸ் சந்தை போட்டோவை அப்பா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். ஊரே ஹார்ட் போட்டது. அந்த ஹார்ட்டுகள் வந்து விழுந்துகொண்டிருந்த நேரத்தில் பொண்ணு என்ன செய்துகொண்டிருந்தாள்? ஆறு அறை கொண்ட ஹாஸ்டல் ஃப்ளாட்டில் தனியாக உட்கார்ந்து மேகி கிளறிக்கொண்டிருந்தாள்.

“மாமா, நம்ம மேட்டுப்பட்டி, முத்தழகுபட்டி மாதிரி இருக்கும்னு நெனச்சேன். வீட்டுக்கு வீடு ஸ்டார், நடுராத்திரி பூசை, வெடி, மைக் செட்டு... அங்க கிறிஸ்துமஸ்னா ஊரடங்கு மாமா!”

ஊரடங்கு என்பது மிகையில்லை. ஜெர்மனியில் டிசம்பர் 24 அன்று மதியம் 2 மணிக்கெல்லாம் கடைகள் மூடவேண்டும் என்பது சட்டம். 25ம் 26ம் அரசு விடுமுறை. கூட இருந்த ஐந்து பேரும் 20ம் தேதியே அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கேன்டீன் புத்தாண்டு தாண்டித்தான் திறக்கும். வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே இருக்கிற ஆபீஸும் லீவு. சாயங்காலம் நாலரைக்கு இருட்டு. பனி? அதுவும் பெய்யவில்லை. மூடுபனியும் ஈரமும்தான். 25ம் தேதி மதியம் ஊருக்குள் நடந்து போனவளுக்குத் திறந்திருந்த ஒரே கதவு, ஒரு துருக்கிக்காரரின் கெபாப் கடை. கிறிஸ்துவ தேசத்தில், கிறிஸ்துமஸ் அன்று, ரெட்டியார்சத்திரத்து இந்துப் பெண்ணுக்குச் சோறு போட்டவர் ஒரு முஸ்லிம். காசு வாங்கிக்கொண்டுதான். ஆனாலும், “சாப்பிட்டியா?” என்று அன்றைக்கு அவளைக் கேட்ட ஒரே ஆள் அவர்தானாம்.

‘பாத்தீங்களா வெள்ளைக்காரன் புத்தியை!’ என்று இங்கே கை தட்டல் வாங்குவது ரொம்ப சுலபம். அந்தக் கை தட்டல் எனக்கு வேண்டாம். அவர்கள் ஊரில் அது வீட்டுக்குள் கொண்டாடுகிற பண்டிகை. அப்பா, அம்மா, பாட்டி, வருஷம் முழுக்கப் பார்க்காத தம்பி எல்லோரும் ஒரே மேஜையில் உட்காருகிற ராத்திரி. தீபாவளி விடிகாலை நாலு மணிக்கு நம் வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்துத் தெரு லாட்ஜில் ஒரு ஜெர்மன்காரன் தனியாக இருக்கிறானே என்று நமக்குத் தோன்றுமா? அது மாதிரிதான் இதுவும். லண்டனில் டிசம்பர் 25 அன்று மெட்ரோ ரயில் கிடையாது, பஸ் கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய கடைகளைத் திறக்கக் கூடாது என்று 2004ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். டிரைவரும் கடைப் பையனும் வீட்டில் இருக்கவேண்டும் என்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.

நான் கேட்பது வேறு. வீடே இல்லாத ஒரு பிள்ளையை ஊருக்குள் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, ‘எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்’ என்று லீவு விட்டால் அது எங்கே போகும்?

இந்தக் கேள்வி அவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. 1960களிலேயே அமெரிக்காவில் பிரஸ்பிடேரியன் சபையைச் சேர்ந்தவர்கள், கிறிஸ்துமஸ் லீவில் போக இடமில்லாத வெளிநாட்டு மாணவர்களைக் கூட்டிவந்து தங்கவைக்கிற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். பிரிட்டனில் 1987ல் பிரிட்டிஷ் கவுன்சிலும் வெளியுறவுத் துறையும் சேர்ந்து ‘ஹோஸ்ட்’ என்றே ஒரு அமைப்பை உண்டாக்கின. வேலை ரொம்ப எளிது. ஒரு மாணவனை ஒரு வீட்டோடு சேர்த்துவிடுவது. வார இறுதியில் ஒரு நாள், அல்லது கிறிஸ்துமஸுக்கு. ஆக, இது தீர்க்க முடியாத பிரச்னை இல்லை. ஒருவர் உட்கார்ந்து லிஸ்ட் எழுதினால் தீர்கிற பிரச்னை.

இதைவிடப் பழைய கதை ஒன்றும் உண்டு. ஏ.எஃப்.எஸ். என்ற அமைப்பு, முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களைத் தூக்கிப்போன அமெரிக்க ஆம்புலன்ஸ் டிரைவர்களிடமிருந்து பிறந்தது. இரண்டாம் உலகப் போரிலும் அதே வேலை. எல்லாம் முடிந்த பிறகு 1946ல் அவர்கள் எடுத்த முடிவு: இனி பிணம் தூக்க வேண்டாம், பள்ளிக்கூடப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்புவோம். அனுப்பிய பிள்ளைகளை எங்கே தங்கவைத்தார்கள்? வீடுகளில். வாடகை வாங்காத வீடுகளில். போன வருஷம்வரை குண்டு போட்டுக்கொண்ட நாட்டுப் பிள்ளை, உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து உங்கள் பாட்டியிடம் திட்டு வாங்கவேண்டும். அதுதான் எக்ஸ்சேஞ்ச். ரோட்டரிக்காரர்களின் மாணவர் பரிமாற்றமும் வீட்டை நம்பித்தான் நடக்கிறது.

நம் மதுரையும் இதைப் பார்த்த ஊர்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் இருந்து பிள்ளைகள் வந்து, பல வருஷம் மதுரை வீடுகளில் தங்கித் தமிழ் படித்தார்கள். கையால் சாப்பிடப் பழகினார்கள். அந்த வீட்டு அம்மா வைத்த ரசத்தைப் பற்றிப் பேசினால், கல்யாணமாகிப் பேரன் எடுத்த பிறகும் அவர்களுக்குக் கண் கலங்கும்.

இன்றைக்குக் கல்லூரிகளில் நடக்கிற எக்ஸ்சேஞ்சில் வீடு கழன்று விழுந்துவிட்டது. மிச்சம் இருப்பது கிரெடிட் மட்டும். அங்கே எழுதிய பேப்பருக்கு இங்கே எத்தனை கிரெடிட், அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பக்கமும் எம்.ஓ.யு. என்கிற புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், போட்டோ எடுப்பார்கள். போட்டோ வெப்சைட்டுக்கும், நாக் கமிட்டி வந்தால் காட்டுகிற ஃபைலுக்கும் போய்விடும். அந்த ஒப்பந்தத்தில் எங்காவது, ‘டிசம்பர் 24ல் இருந்து ஜனவரி 2 வரை இந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு?’ என்று ஒரு வரி உண்டா? பிள்ளையை அனுப்பிய நம் ஊர்க் காலேஜ் அதைக் கேட்டதா? நான் விசாரித்த வரை, அப்படி ஒரு கேள்வி இருப்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை.

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷம் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது, ஒவ்வொரு பற்றுக்கும் சமமாக ஒரு வரவு வேண்டும். எக்ஸ்சேஞ்ச் என்ற வார்த்தைக்கும் அதுதான் இலக்கணம். இப்போது நம் பேரேட்டைப் புரட்டுவோம். 2024ல் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள், மத்திய அரசு சொன்ன கணக்குப்படி 13 லட்சத்து 35 ஆயிரத்துச் சொச்சம். இந்தியாவுக்கு வந்து படித்த வெளிநாட்டு மாணவர்கள், 2021-22 உயர்கல்வி சர்வேயின்படி 46,878. நாம் 28 பேரை அனுப்பினால் ஒருவர் வருகிறார். அப்படி வருகிறவர்களிலும் நேபாளம், ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பூட்டான் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய. ‘ஸ்டடி இன் இந்தியா’ என்று 2018ல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கி, 2023க்குள் 2 லட்சம் பேரைக் கொண்டுவருவோம் என்றது. வெளிநாட்டு மாணவர்களுக்காகக் கூடுதலாக 25 சதவிகித இடம் உருவாக்கிக்கொள்ளலாம் என்று 2022ல் யு.ஜி.சி. தாராளம் காட்டியது. சீட் போட்டாகிவிட்டது. உட்கார ஆள் எங்கே?

ஏன் வரவில்லை? தரம், ரேங்க், வேலைவாய்ப்பு என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். எல்லாம் சரி. நான் இன்னொரு காரணம் சொல்கிறேன். வந்தவனை நாம் எப்படி வைத்துக்கொள்கிறோம் என்ற செய்தி, வராதவனுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

2017 மார்ச்சில் டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைக் கும்பல் துரத்தித் துரத்தி அடித்தது. ஷாப்பிங் மாலுக்குள் வைத்து அடித்த வீடியோவை உலகமே பார்த்தது. 2024 மார்ச் 16, ரம்ஜான் மாதம். குஜராத் பல்கலைக்கழக ஹாஸ்டலில் இரவுத் தொழுகை செய்துகொண்டிருந்த வெளிநாட்டு மாணவர்களை ஒரு கூட்டம் உள்ளே புகுந்து தாக்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் ஒருவர் இலங்கை, ஒருவர் தஜிகிஸ்தான். அதற்குப் பிறகு நிர்வாகத் தரப்பில் இருந்து வந்த பேச்சைக் கேளுங்கள்: வெளிநாட்டு மாணவர்களுக்கு உள்ளூர் உணர்வுகள் பற்றிப் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். அடி வாங்கியவனுக்குப் பயிற்சி! ஜெர்மனியில் நம் பெண்ணுக்குக் கதவு திறக்கவில்லை. இங்கே அவர்களுக்குக் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள்.

‘அது வடக்கே சார். தமிழ்நாட்டில் அப்படியெல்லாம் நடக்குமா?’ என்பீர்கள். சரி. நாம் அடிக்க மாட்டோம். நாம் பார்க்கவே மாட்டோம்.

இதைச் சொன்னது நான் இல்லை. அந்தப் பெண்தான். “மாமா, எங்க காலேஜ் ஹாஸ்டல்ல டான்சானியாவுல இருந்து ரெண்டு பேர் இருந்தாங்க. பொங்கலுக்கு நாங்க எல்லாரும் பெட்டிய கட்டிட்டு பஸ் ஏறிருவோம். மெஸ்ஸ மூடிருவாங்க. அவங்க எங்க சாப்பிட்டாங்கன்னு மூணு வருசம் எனக்குத் தோணவே இல்ல. அந்த கெபாப் கடையில உக்காந்திருக்கும்போதுதான் தோணுச்சு.”

ஐந்து லட்ச ரூபாயில் அவள் படித்துவந்த பாடங்களில், எனக்குத் தெரிந்து இதற்குத்தான் காசு தகும். கிரெடிட் எதுவும் தரமாட்டார்கள்.

நம் ஹாஸ்டல்களின் பொங்கல் நோட்டீஸைப் படித்திருக்கிறீர்களா? ‘13ம் தேதி மாலை 5 மணிக்குள் அறைகளைக் காலி செய்ய வேண்டும். மெஸ் இயங்காது.’ யாருக்கு எழுதிய நோட்டீஸ் அது? நத்தத்துக்கும் வத்தலக்குண்டுக்கும் போகிற பையனுக்கு எழுதியது. மணிப்பூர்ப் பெண்ணுக்கும், காஷ்மீர்ப் பையனுக்கும், பூட்டான் மாணவிக்கும் அதே நோட்டீஸ்தான். நாலு நாள் லீவில் திம்புவுக்குப் போய்வர முடியுமா? வார்டனிடம் கெஞ்சி அறையில் தங்க அனுமதி வாங்குவார்கள். வாசல் ஹோட்டலும் பொங்கலுக்கு லீவு. பிஸ்கட், பழம், பிரெட். ஸ்விக்கி வருகிற ஊராக இருந்தால் அதிர்ஷ்டம். திண்டுக்கல் பக்கம் பாதிக் காலேஜ்கள் பைபாஸை ஒட்டிய பொட்டல் காட்டில் இருக்கின்றன. அங்கே ஸ்விக்கிகூட வராது.

பொங்கலை உலகத்துக்குக் காட்டுவதில் மட்டும் நமக்குக் குறைச்சல் இல்லை. டூரிஸ்ட் வெள்ளைக்காரர்களைப் பஸ்ஸில் அள்ளி வந்து, வேட்டி கட்டிவிட்டு, உறியடிக்க வைத்து, மாட்டு வண்டியில் ஏற்றுகிறோம். மறுநாள் பேப்பரில் அரைப் பக்கம் கலர் போட்டோ. அதே ஊரில், அதே நாளில், நாலு வருஷமாக நம்மோடு இருக்கிற ஆப்பிரிக்க மாணவன் பூட்டிய ஹாஸ்டலில் பிரெட் தின்றுகொண்டிருக்கிறான். அவன் போட்டோவுக்கு எடுபட மாட்டான் என்பதுதான் காரணமா? நிறம்தான் காரணமென்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவோம்.

எனக்கு ஜே.சி. குமரப்பாவைப் பிடிக்கும். பி.காம். பாசம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் பிறந்த தமிழ்க் கிறிஸ்துவர், லண்டனில் கணக்காயர் படிப்பு, 1920களின் கடைசியில் அமெரிக்காவில் சிரகியூஸ், பிறகு கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே மாணவராக இருந்தபோது ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்று பேசினார். பேச்சு பேப்பரில் வந்தது. அதைப் படித்த பேராசிரியர் செலிக்மன், ‘இதையே ஆராய்ச்சி செய்’ என்றார். அந்த ஆய்வைத்தான் காந்தி பிறகு ‘யங் இந்தியா’வில் வெளியிட்டார். குமரப்பாவும் மதுரைப் பக்கம் டி.கல்லுப்பட்டிக்கு வந்து சேர்ந்தார். ஒரு வெளிநாட்டு மாணவனைத் தங்கள் கோயிலுக்குள் மேடை ஏற்றி, ‘உன் ஊரைப் பற்றிச் சொல், கேட்கிறோம்’ என்று ஒரு சபை உட்கார்ந்தது பாருங்கள்... அன்றைக்கு நடந்தது இரட்டைப் பதிவு. பற்றும் உண்டு, வரவும் உண்டு. நம் காலேஜில் படிக்கிற அந்த டான்சானியாப் பையனிடம், அவன் ஊரில் மழை எப்போது, மக்காச்சோளம் என்ன விலை என்று ரெட்டியார்சத்திரத்து விவசாயி ஒருவர் கேட்டிருப்பாரா? அவர் கேட்டிருப்பார் சார், நிச்சயம் கேட்டிருப்பார். அவனை அவரிடம் யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. இதே ரெட்டியார்சத்திரத்தில் இஸ்ரேல் தொழில்நுட்பத்தில் காய்கறி மகத்துவ மையம் நடக்கிறது. பத்தாயிரம் மைல் இல்லாவிட்டாலும், கடல் தாண்டி வந்த சொட்டுநீரையும் குடிலையும் நம் விவசாயி தயங்காமல் வாங்கிக்கொண்டார். கடல் தாண்டி வந்த பையனோடு பேசவா தயங்கப் போகிறார்?

‘சட்டச் சிக்கல் இருக்கு, போலீஸ் கேட்கும்’ என்று ஒரு பிரின்சிபால் என்னிடம் சொன்னார். வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தரவேண்டும், உண்மைதான். ‘சி ஃபார்ம்’ என்று சொல்லிப் பழகியது. 2025ல் சட்டம் மாறிய பிறகும் தகவல் தருகிற கடமை இருக்கிறது. ஆன்லைனில் செய்கிற வேலை. கரன்ட் பில் கட்டத் தெரிந்தவருக்கு இதுவும் வரும். அதுவும் ராத்திரி தங்கினால்தான். காலையில் வந்து பொங்கல் சாப்பிட்டு, கரும்பு கடித்து, சாயங்காலம் ஹாஸ்டலுக்குத் திரும்புகிறவனுக்கு எந்த ஃபார்மும் வேண்டாம்.

‘சாதி, சாப்பாடு, வீட்டில் வயசான அம்மா இருக்காங்க...’ என்று இழுத்தார் இன்னொருவர். இதுதான் நிஜமான காரணம். பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு உலகம் சுற்றலாம், ஆனால் உலகம் நம் அடுப்படிவரை வரக்கூடாது. திண்டுக்கல்லில் டிசம்பர் 25 அன்று கேக்கும் பிரியாணியும் எத்தனை இந்து வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் போகிறது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். வாங்கிச் சாப்பிட்டவர்தான்.

கல்லூரி நிர்வாகங்களுக்கு மூன்று வேலை இருக்கிறது. மூன்றுக்கும் காசு அதிகம் ஆகாது. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில், லீவு நாட்களுக்கு ஒரு ஆளின் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வாங்குங்கள். பொங்கல், தீபாவளிக்கு மெஸ்ஸில் ஒரு அடுப்பாவது எரியட்டும். சமையல்காரருக்கு இரட்டைச் சம்பளம் கொடுங்கள், அவருக்கும் பொங்கல் உண்டு. ஹாஸ்டலில் மிச்சம் இருக்கிற பிள்ளைகளின் பெயரையும், அழைக்கத் தயாராக இருக்கிற உள்ளூர் வீடுகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். என்.எஸ்.எஸ். மாணவர்கள் ஒரு மத்தியானத்தில் முடித்துவிடுவார்கள்.

தை பிறந்தால் பழனி ரோட்டில் காவடி தூக்கி ஜனம் நடக்க ஆரம்பிக்கும். வழியெல்லாம் பந்தல் போட்டுத் தண்ணீரும் மோரும் சோறும் கொடுப்பார்கள். எந்த ஊர், என்ன பேர் என்று எந்தப் பந்தலிலும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதே ரோட்டோரக் காலேஜ்களில்தான் மெஸ்ஸைப் பூட்டுகிறார்கள்.

வருகிற பொங்கலுக்கு மெஸ் திறந்திருக்கும் கல்லூரி எது என்று தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். பெயர் போட்டு இந்தப் பக்கத்தில் பாராட்டுகிறேன். மூடுகிற கல்லூரிகளைப் பற்றி எழுதிச் சிரமப்பட வேண்டாம். அவ்வளவு பெயர் போட இங்கே இடம் இல்லை.